உங்க வீட்டு ஈயச்சொம்புல இருக்கிறது எந்த ஈயம்? குழந்தைக்கு ஊட்டும் முன் ஒரு கிச்சன் செக்!

ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டில் போன மாதம் ஒரு பஞ்சாயத்து. அக்கா பையனுக்கு ஒன்றரை வயது. ரசம் சாதம் சாப்பிட ஆரம்பித்திருக்கிறான். "குழந்தைக்கு ஈயச்சொம்பு ரசம்தான் நல்லது" என்று அம்மா தன் கல்யாணச் சீர் சொம்பைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார். அக்கா உடனே மொபைலை நீட்டினாள். "ஈயம்னா லெட்மா. விஷம்! கூகுள்ல போட்டுப் பாரு." "அப்போ எங்க பாட்டி, கொள்ளுப்பாட்டி எல்லாம் விஷத்தையா குடிச்சாங்க?" என்று அம்மா. கடைசியில் ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீ பத்திரிகையிலதானே இருக்கே, கண்டுபிடிச்சுச் சொல்லு!"

விசாரித்ததில், ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பிரச்னை நம்ம தமிழ் வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கிறது.

ரெண்டு உலோகம்... ஒரே பேர்!

ஈயத்தில் ரெண்டு வகை. வெள்ளீயம் என்பது டின். காரீயம் என்பது லெட். ரெண்டும் வெவ்வேறு உலோகங்கள். பாத்திரக்கடையில் 'ஈயம்' என்றால் வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதே வெள்ளீயத்தில்தான். ஆனால், செய்திகளிலும் பாடப் புத்தகத்திலும் 'ஈயம்' என்று வந்தால் அது பெரும்பாலும் காரீயம். கூகுள் அக்காவுக்குக் காட்டியது அதைத்தான்.

சுத்தமான வெள்ளீயச் சொம்பில் ரசம் வைப்பதால் காரீய ஆபத்து இல்லை. கலப்படம்தான் வில்லன். வெள்ளீயம், காரீயத்தைவிட பல மடங்கு விலை அதிகம். ரெண்டும் சுலபமாக உருகி ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். கலந்த பிறகு பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அந்தச் சொம்பில் புளியும் தக்காளியும் சேர்ந்து கொதிக்கும்போது, புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். மணமும் ருசியும் மாறாது. அதுதான் இதில் பயமே.

'வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் கறுப்பாகக் கோடு போடும்' என்று கடைகளில் ஒரு டெஸ்ட் சொல்வார்கள். காரீயம் நிறைய இருந்தால் கோடு விழும், உண்மைதான். கொஞ்சமாகக் கலந்திருந்தால் தாள் காட்டிக்கொடுக்காது. குழந்தைக்கோ அந்தக் 'கொஞ்சம்'தான் பிரச்னை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் எக்ஸ்.ஆர்.எஃப் என்ற எக்ஸ்ரே சோதனை, அல்லது உலோகங்களைப் பரிசோதிக்கும் லேப். நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் மெஷினும் இதே டெக்னாலஜிதான். ஆனால், அது தங்கத்துக்காக செட் செய்யப்பட்டது. அதில் வரும் நம்பரை வைத்துச் சொம்புக்கு சர்ட்டிஃபிகேட் கொடுக்க முடியாது. புதிதாக வாங்குபவர்கள் லேப் ரிப்போர்ட்டும் பில்லும் கேட்டு வாங்கலாம். தயங்குற கடையில வாங்காதீங்க, அவ்வளவுதான்.

சொம்பை மட்டும் திட்டிப் பயனில்லை. இண்டாலியம் என்று நாம் சொல்லும் அலுமினியக் கலவைப் பாத்திரங்களிலும், சில பித்தளை, அலுமினியப் பாத்திரங்களிலும் இருந்து காரீயம் உணவில் இறங்கலாம் என்று 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. குழந்தைக்குச் சமைக்க எவர்சில்வர் இருக்கும்போது ஏன் ரிஸ்க்?

'நாங்க பாக்கெட் வாங்கறதில்ல, மஞ்சளை அரைச்சுக்கறோம்!'

மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் இதைப் பெருமையாகச் சொல்லாத மாமிகள் குறைவு. விரலி மஞ்சளாக வாங்கி, காயவைத்து, மில்லில் கொடுத்து அரைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், ஒரு ஆய்வு முடிவு இங்கே இடிக்கிறது.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய 4 நாடுகளில் 23 நகரங்களின் மஞ்சளைச் சோதித்து, 2024-ல் வெளியான ஆய்வு அது. சுமார் 14% மாதிரிகளில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. இந்தியாவில் மஞ்சளுக்கான அரசு வரம்பு கிராமுக்கு 10 மைக்ரோகிராம். பாட்னாவில் சில மாதிரிகள் 1,000-ஐத் தாண்டின. 10 என்ற வரம்பைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் சென்னையும் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, அதிகம் மாட்டியது பாலிஷ் போட்ட முழு மஞ்சளும், லூஸாக விற்கும் பொடியும். பிராண்டட் பாக்கெட்டுகளில் அளவு குறைவு. அதாவது, பளபள மஞ்சளை வாங்கி நாமே அரைத்தால், காரீயத்தையும் சேர்த்து நாமே அரைக்கிறோம்!

காரணம், லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமி. பெயின்ட்டுக்குப் பயன்படுவது. மங்கிப்போன கிழங்கைப் 'பளிச்' ஆக்க அதைப் பூசுகிறார்கள். வீட்டில் செய்ய ஒரு எளிய டெஸ்ட்டை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ சொல்கிறது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முழு மஞ்சளைப் போடுங்கள். உடனே கலர் இறங்கினால் கலப்படம். நல்ல மஞ்சள் அப்படிச் சாயம் விடாது. சந்தேகம் வலுத்தால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டி ஆய்வுக்குக் கொடுக்கும் உரிமையை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு நுகர்வோருக்குக் கொடுத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இது மாற்ற முடியாத விஷயமும் இல்லை. பங்களாதேஷில் 2019-ல் சந்தை மஞ்சளில் 47% மாதிரிகளில் காரீயம் இருந்தது. அரசு மொத்த விற்பனை மார்க்கெட்டுக்குள் எக்ஸ்.ஆர்.எஃப் மெஷினோடு இறங்கியது. அபராதம் போட்டது, பத்திரிகைகளில் எச்சரித்தது. 2021-ல் அந்த 47, பூஜ்ஜியமானது.

சென்னைக் குழந்தைகளின் ரத்தத்தில் என்ன இருந்தது?

'நாங்கல்லாம் சாப்பிட்டு நல்லாத்தானே இருக்கோம்' என்பவர்களுக்கு இந்த இடம். பெரியவர்களைவிட குழந்தைகளின் உடல், வயிற்றுக்குள் போகும் காரீயத்தை 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பதும் அவர்கள் சொல்வதுதான். பாதிக்கப்படுவது வளரும் மூளை. காய்ச்சல், வாந்தி மாதிரி சிக்னல் எதுவும் வராமலே அது நடக்கும்.

சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளிடம் நடத்தி, 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் காரீயம் சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. இப்போது 5 வந்தாலே 'எங்கிருந்து வருதுன்னு தேடுங்க' என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு அதிகமிருந்த குழந்தைகளிடம் பதற்றம், கவனக்குறைவு, துறுதுறுப்பு போன்ற பிரச்னைகள் அதிகம் என்று அவர்களின் டீச்சர்கள் கொடுத்த மதிப்பெண்கள் காட்டின. 'பையன் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கறான்' என்று நாம் குழந்தையைத் திட்டுவது ஞாபகம் வருகிறதா? எல்லாத் துறுதுறுப்புக்கும் காரீயம் காரணமல்ல. ஆனால், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது நம் வீடுகளில் பேச்சுக்குக்கூட வருவதில்லை.

ஆய்வு நடந்த காலத்துக்குப் பின் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. வீட்டு பெயின்ட்டில் காரீயம் 90 பி.பி.எம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆனாலும், 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் 5 மைக்ரோகிராமைத் தாண்டிய குழந்தைகள் இந்தியாவில் மட்டும் 27.5 கோடி பேர் என்று கணக்கிட்டது.

தண்ணீர்... கொதிக்கவெச்சா போதுமா?

போதாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், காரீயம் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆர்.ஏ.புரம் மாதிரி அப்பார்ட்மென்ட் ஏரியாக்களில் தண்ணீர், சம்ப்பில் விழுந்து, மொட்டைமாடி டேங்க்குக்கு ஏறி, பழைய பைப்புகள் வழியே இறங்கி வருகிறது. பெரும்பாலும் இந்தப் பயணத்தில்தான் காரீயம் சேரும். பி.வி.சி பைப் தயாரிப்பில் காரீயக் கலவையை ஸ்டெபிலைசராகச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதிகள் 2021-ல்தான் வந்தன. அதற்கு முன் கட்டிய வீட்டுக்குள் என்ன பைப் ஓடுகிறதோ!

காலையில் குழாயைத் திறந்ததும் வருவது ராத்திரி முழுக்க பைப்பில் நின்ற தண்ணீர். அதைச் சமையலுக்குப் பிடிக்காமல் பாத்திரம் கழுவவோ, செடிக்கோ விடுங்கள். சீக்கிரம் கொதிக்குமே என்று கீஸர் தண்ணீரில் கஞ்சி வைக்காதீர்கள், சூடான தண்ணீர் காரீயத்தை அதிகம் கரைக்கும். ஆர்.ஓ ஃபில்டர் காரீயத்தைப் பெருமளவு நீக்கும், வெறும் யு.வி ஃபில்டர் நீக்காது. குடிநீரில் காரீயத்துக்கான இந்திய வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அசோசியேஷன் மீட்டிங்கில் பார்க்கிங் சண்டைக்கு நடுவே, தண்ணீரை ஒருமுறை லேப்பில் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது எழுந்து சொல்லுங்களேன்.

இன்னும் சில...

மெரினாவில் விற்ற பிங்க் பஞ்சுமிட்டாய் ஞாபகமிருக்கும். துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை செய்தது. கலர் 'அடிக்கிற' எந்தத் தின்பண்டத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். குழந்தைக்கு சுர்மா வகைக் கண் மை வேண்டாம், அதன் மூலப்பொருளே பல நேரம் காரீயத் தாதுதான்.

உடலில் இரும்பும் கால்சியமும் குறைந்தால் குடல் காரீயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். கேழ்வரகுக் கஞ்சி, முருங்கைக்கீரை, பால், முட்டை ஆகியவற்றுக்கு இங்கே நிஜமாகவே வேலை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் குழந்தைகள்நல டாக்டரிடம் 'பிளட் லெட் லெவல்' டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் முதல் சிகிச்சை, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான். மருந்தெல்லாம் மிக அதிகமாக இருந்தால் மட்டுமே.

அக்கா வீட்டுச் சொம்பு, லேப்புக்குப் போகும்வரை பரணுக்கே திரும்பிவிட்டது. ரசம் எவர்சில்வரில் கொதிக்கிறது. "மணமே இல்ல" என்று அம்மா தினமும் சொல்கிறார். அக்கா பையன் ரெண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடிக்கிறான்.