திரும்பி வராத இளவரசன்

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்றதும், கம்பி முனையில் விழுந்து விழுந்து செத்த அந்த வெள்ளை உடைக்காரன் பலருக்கு ஞாபகம் வருவான். 1989ல் ஜோர்டான் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்த விளையாட்டு அது. தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் பார்த்தே இளவரசனின் அசைவுகளை வரைந்தார்.

2003ல் யூபிசாஃப்டின் மான்ட்ரியல் ஸ்டுடியோ 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கொண்டுவந்தது. தவறி விழுந்தால் காலத்தையே பின்னால் ஓட்டலாம்! 2004லும் 2005லும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன.

2020 செப்டம்பரில் அதன் ரீமேக் அறிவிக்கப்பட்டது. செய்தவர்கள் யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்காரர்கள். இந்தியாவுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு! ஆனால் டிரெய்லர் வந்ததுமே கிராஃபிக்ஸ் பழசாக இருக்கிறது என்று ரசிகர்கள் கிழித்துவிட்டார்கள். வெளியீடு தள்ளிக்கொண்டே போனது. 2022ல் வேலை மான்ட்ரியலுக்கே திரும்பியது. அங்கும் முடியவில்லை. 2026 ஜனவரியில் ரீமேக்கையே ரத்து செய்துவிட்டார்கள்.

அப்படியானால் பழியை புனே, மும்பை மேல் மட்டும் போடுவது என்ன நியாயம்? மூலத்தை உருவாக்கிய ஊரே கைவிட்ட வேலை இது. பழைய விளையாட்டு ரசிகர்கள் மனதில் வருஷா வருஷம் இன்னும் அழகாகிக்கொண்டே போகிறது. ரீமேக் செய்பவர்கள் மோத வேண்டியது அதோடுதான்... அதை ஜெயிப்பது லேசா என்ன?