கடலூர் மாவட்டத்தில் மின்வேலி ஒழுங்குமுறை

மின்வேலி என்பது விலங்குகளோ மனிதர்களோ ஓர் இடத்திற்குள் நுழைவதைத் தடுக்க, மின்சாரம் பாயும் கம்பிகளைக் கொண்டு அமைக்கப்படும் வேலி ஆகும். தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் வயல்களிலும் தோட்டங்களிலும் சுற்றுச்சுவர்களிலும் இவ்வகை வேலிகள் அமைக்கப்படுகின்றன. இவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மின் பகிர்மானக் கழகம், மின் ஆய்வுத் துறை, வனத்துறை, காவல்துறை, உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றிடையே பிரிந்து கிடக்கிறது.

வகைகள்

பேச்சு வழக்கிலும் செய்திகளிலும் மின்வேலி என்ற ஒரே சொல் முற்றிலும் வேறுபட்ட இரண்டு அமைப்புகளைக் குறிக்கிறது.

முதலாவது துடிப்பு மின்வேலி. இதில் மின்கலத்தாலோ சூரிய மின்தகட்டாலோ இயங்கும் துடிப்பாக்கி எனும் கருவி, கம்பியில் மிகக் குறுகிய மின்துடிப்புகளைச் செலுத்துகிறது. அதன் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் வரை இருந்தாலும், ஒவ்வொரு துடிப்பின் ஆற்றலும் கால அளவும் வரையறுக்கப்பட்டவை. தொடும் உயிர் அதிர்ந்து விலகுமேயன்றி இறப்பது மிக அரிது.

இரண்டாவது, வீட்டிணைப்பு, பம்புசெட் இணைப்பு அல்லது மேல்நிலைக் கம்பி ஆகியவற்றிலிருந்து 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாக வெற்றுக் கம்பியில் செலுத்துவது. இது சட்டத்திற்குப் புறம்பானது. மின்வேலி இறப்புகள் எனப்படுபவற்றுள் பெரும்பாலானவை இவ்வகையால் நிகழ்பவை.

இறப்பு நேரும் விதம்

நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் கம்பியைத் தொடுபவரின் உடலில் சுமார் 230 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதுமானதற்கும் மிகுதி. உயிர்க்காப்புக்கென வீடுகளில் பொருத்தப்படும் கசிவுமின் துண்டிப்பிகள் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுவது இதனால்தான்.

பம்புசெட் இணைப்பிலுள்ள உருகியோ பல ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்குவது. மனித உடல் வழியே பாயும் கால் ஆம்பியர் அதனை உருக்குவதில்லை. எனவே ஒருவர் சிக்கிய பின்னரும் கம்பியில் மின்சாரம் நிற்காது. மாறுமின்னோட்டத்தால் தசைகள் இறுகுவதால் சிக்கியவர் கையை விடுவிக்கவும் இயலாது. காப்பாற்ற முனைந்து அவரைத் தொடுபவரும் உயிரிழக்கக்கூடும். சேறும் நீரும் நிறைந்த நெல்வயலில் இந்த அபாயம் மேலும் கூடுகிறது.

மாவட்டச் சூழல்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி வட்டங்கள் காவிரிப் பாசனத்தின் கடைமடையைச் சேர்ந்தவை. கொள்ளிடமும் வீராணம் ஏரியும் பாசனம் தரும் இப்பகுதியில் நெல் முதன்மைப் பயிர். வயல் எலி முதன்மைத் தொல்லை. எலிகளைக் கொல்வதற்காக வரப்பை ஒட்டி முழங்காலுக்கும் தாழ்வாக மின்கம்பி கட்டும் வழக்கம் டெல்டா பகுதிகளில் காணப்படுகிறது. இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்வோரும் அண்டை வயல்காரர்களும் இத்தகைய கம்பிகளுக்குப் பலியாகின்றனர்; சில வேளைகளில் கம்பியைக் கட்டியவரே பலியாவதும் உண்டு.

மாவட்டத்தின் மேற்கிலுள்ள விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடி பகுதிகளில் மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்களைக் காட்டுப்பன்றிகள் சேதப்படுத்துகின்றன. அங்கு வேலிகள் பன்றிகளைத் தடுக்க அமைக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் வேளாண் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகிறது. எனவே வயலிலேயே இணைப்பு இருக்கும் உழவருக்கு இரும்புக் கம்பியைத் தவிர வேறு செலவு ஏற்படுவதில்லை. தரமான துடிப்பு வேலிக்கோ துடிப்பாக்கி, மின்கலம், காப்பான்கள், முறையான நிலத்தொடுப்பு ஆகியன தேவை. இந்தச் செலவு வேறுபாடு சட்டவிரோத வேலிகள் தொடர்வதற்கான காரணங்களுள் ஒன்று.

தொழில்நுட்பத் தரம்

துடிப்பாக்கிகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 60335-2-76 ஆகும். இதற்கு இணையான இந்தியத் தரம் ஐ.எஸ். 302-2-76. இத்தரத்தின் முதன்மைக் கூறுகள்:

* 500 ஓம் தடையில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு மேற்படலாகாது.
* இரு துடிப்புகளுக்கு இடையே குறைந்தது ஒரு நொடி இடைவெளி வேண்டும்.
* முள்கம்பியில் மின்துடிப்பு செலுத்தலாகாது.
* வேலியின் நிலத்தொடுப்பு, பிற நிலத்தொடுப்புகளிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.
* பொதுமக்கள் நடமாடும் இடங்களில் மஞ்சள் நிற எச்சரிக்கைப் பலகைகள் வைக்க வேண்டும்.

பொருந்தும் சட்டங்கள்

இந்திய அரசியலமைப்பில் மின்சாரம் பொதுப்பட்டியலைச் சேர்ந்தது. மின்சாரச் சட்டம், 2003 இன் 135 ஆம் பிரிவின்படி மேல்நிலைக் கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது திருட்டு ஆகும். அனுமதிக்கப்பட்ட நோக்கத்திற்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவதும் இப்பிரிவில் அடங்குவதால், தன் சொந்த பம்புசெட் இணைப்பிலிருந்து வேலிக்கு மின்சாரம் எடுப்பவரும் இதற்கு உட்படுவார். இக்குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மின்விபத்துகளை அறிவிப்பதும் விசாரிப்பதும் 161 ஆம் பிரிவின்கீழ் வருகின்றன.

மனித உயிரிழப்பு நேர்ந்தால் குற்றவியல் சட்டம் பொருந்தும். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 106 ஆம் பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவித்தலையும், 105 ஆம் பிரிவு கொலையாகாத மரணம் விளைவித்தலையும் பற்றியவை. காட்டு விலங்குகள் இறந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 பொருந்தும்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

செருபின் கிரிகரி எதிர் பீகார் அரசு வழக்கில், அயலார் பயன்படுத்துவதைத் தடுக்கத் தன் கழிப்பறைக்கு ஒருவர் மின்கம்பி இணைத்திருந்தார். அதைத் தொட்ட அண்டை வீட்டுப் பெண் இறந்தார். அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக அவருக்குத் தீங்கு விளைவிக்கும் பொறியை வைக்க நில உடைமையாளருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1963 இல் தீர்ப்பளித்தது. தன் பயிரைக் காக்கவே மின்வேலி இட்டதாகக் கூறும் வாதத்திற்கும் இதே நெறி பொருந்தும்.

மத்தியப் பிரதேச மின்சார வாரியம் எதிர் சைல் குமாரி வழக்கில், வேறொருவர் திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்ததால்தான் விபத்து நேர்ந்தது என்று வாரியம் வாதிட்டது. மின்சாரம் வழங்கும் நிறுவனமே அத்தகைய திருட்டைத் தடுக்கவும் கடமைப்பட்டது எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 2002 இல் இழப்பீட்டுப் பொறுப்பை வாரியத்தின் மீது சுமத்தியது.

2023 ஆம் ஆண்டு விதிகள்

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று பெண் யானைகள் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி இறந்தன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகள் பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகளை அறிவித்தது. வனப்பகுதிகளை ஒட்டிய இடங்களில் புதிய வேலிகளுக்கு முன் அனுமதி பெறவும், ஏற்கனவே உள்ளவற்றைப் பதிவு செய்யவும், இந்தியத் தரத்தைப் பின்பற்றவும் இவ்விதிகள் வகை செய்கின்றன.

இவை காட்டுயிர்ப் பாதுகாப்பை முன்னிறுத்தி வகுக்கப்பட்டவை. சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. ஆயினும் எலிக்காகக் கம்பி கட்டப்படும் நெல்வயல்களில் பெரும்பகுதி காட்டிலிருந்து தொலைவில் உள்ளது. அத்தகைய இடங்களில் முன்கூட்டியே தடுக்கும் பதிவு முறையைவிட, குற்றம் நிகழ்ந்தபின் தண்டிக்கும் சட்டங்களே கைகொடுக்க வேண்டியுள்ளது.

உள்ளாட்சி அமைப்புகளின் பங்கு

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இல் மின்வேலிக்கெனத் தனி உரிமமுறை வகுக்கப்படவில்லை. கடலூர் மாநகராட்சி, சிதம்பரம் நகராட்சி போன்ற நகர்ப்புற அமைப்புகள் கட்டட அனுமதி வழங்குகின்றன. மின்பாதுகாப்பு ஆய்வு மின் ஆய்வுத் துறையைச் சார்ந்தது.

எனினும் ஊராட்சிகளுக்கு மாற்றி அளிக்கத்தக்க பொருள்களைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் ஊரக மின்மயமாக்கலும் மின் பகிர்மானமும் இடம்பெற்றுள்ளன. எந்த வயலில் கம்பி கட்டப்பட்டுள்ளது என்பதை ஊர்மக்களே முதலில் அறிவர். ஆதலால் கிராம சபையில் தீர்மானம் இயற்றுதல், தண்டோரா மூலம் எச்சரித்தல், மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்குத் தகவல் தருதல் ஆகியன ஊராட்சி அளவில் செய்யத்தக்கவை.

மாற்று வழிகள்

எலிகளைக் கட்டுப்படுத்த, மூங்கிலால் செய்யப்படும் தஞ்சாவூர்க் கிட்டிகளை வைத்தல், ஆந்தைகள் அமரப் பறவைத் தாங்கிகளை நடுதல், வரப்புகளைக் குறுக்கி வளைகளை அழித்தல் ஆகிய முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர் சமூகத்தினர் இம்மாவட்டத்திலும் வாழ்கின்றனர். பன்றித் தொல்லை உள்ள இடங்களுக்கு ஏற்ற சூரிய மின்வேலி அமைக்க, வேளாண் பொறியியல் துறை வழியாக மானியம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு செயல்படுத்தியுள்ளது.

பிற நாடுகளில்

தென்னாப்பிரிக்காவில் வீடுகளின் சுற்றுச்சுவர்களில் மின்வேலி அமைப்பது பரவலான வழக்கம். அங்கு 2011 ஆம் ஆண்டின் மின் இயந்திர ஒழுங்குவிதிகளின்படி, பதிவு பெற்ற நிறுவுநர் வேலியைச் சோதித்துச் சான்றிதழ் வழங்க வேண்டும். காட்டை ஒட்டியதா இல்லையா என்ற வேறுபாடு அங்கு பார்க்கப்படுவதில்லை.