ஏர்சாஃப்ட் துப்பாக்கிப் பற்சக்கரப் பெட்டியின் மின்பழுது

ஏர்சாஃப்ட் துப்பாக்கி என்பது பெரும்பாலும் 6 மி.மீ. விட்டமுள்ள நெகிழிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் எறியும் விளையாட்டுத் துப்பாக்கி ஆகும். மின்னோடியால் இயங்கும் வகையை டோக்கியோ மாருயி என்னும் சப்பானிய நிறுவனம் 1991 ஆம் ஆண்டில் ஃபாமாஸ் துப்பாக்கியின் வடிவில் வெளியிட்டது. இவ்வகையில் மின்னோடி பற்சக்கரங்களைச் சுழற்ற, அவை உந்துதண்டைச் சுருள்வில்லுக்கு எதிராகப் பின்னிழுத்து விடுவிக்கின்றன. பற்சக்கரங்களும் வில்லும் அடங்கிய கூடு பற்சக்கரப் பெட்டி எனப்படுகிறது. விசையை அழுத்தியும் துப்பாக்கி இயங்காவிடில் உடனே பெட்டியைத் திறப்பது பலரின் வழக்கம். பழுது எப்பகுதியில் உள்ளது என்பதைத் திறக்காமலேயே பெரும்பாலும் அறியலாம்.

மின்சுற்று

மின்கலம், இணைப்பி, உருகி, விசையின் தொடுமுனைகள், மின்னோடியின் கரித்தூரிகைகள் ஆகியன ஒரே தொடரில் அமைந்துள்ளன. இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் துப்பாக்கி ஓசையின்றி நின்றுவிடும். எம்4, எம்பி5 மாதிரிகளில் உள்ள இரண்டாம் பதிப்புப் பெட்டியில் தொடுமுனைகள் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

சோதனை முறை

முதலில் குண்டுக்கூட்டையும் மின்கலத்தையும் கழற்றி, குழலில் குண்டு எஞ்சவில்லை என உறுதிசெய்ய வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். பின்னர் தெரிவு நெம்பைத் தொடர்சுடு நிலையில் வைத்து, துப்பாக்கியின் இணைப்பி முனைகளில் பல்மானியைப் பொருத்தி விசையை அழுத்த வேண்டும். மிகக் குறைந்த மின்தடை காட்டினால் சுற்று முழுமையாக உள்ளது. ஐயம் மின்கலத்தின் மீதே. எதுவும் காட்டாவிடில் உருகி, தூரிகை, தொடுமுனை என்னும் வரிசையில் தேடலாம். மாஸ்ஃபெட் என்னும் குறைகடத்தி ஆளி பொருத்தியவற்றில் இச்சோதனை பயன்படாது.

ஓய்வில் அளந்த மின்னழுத்தத்தை மட்டும் நம்பலாகாது. 7.4 வோல்ட்டு லித்தியம் பாலிமர் மின்கலம் முழு மின்னேற்றத்தில் 8.4 வோல்ட்டு காட்டும். பழையதாயின் அதுவே சுமையேறியதும் சரிந்துவிடும். இணைப்பியில் 0.1 ஓம் தடை இருப்பினும் 20 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட்டு, அதாவது நான்கில் ஒரு பங்கிற்கும் மேல், அங்கேயே வெப்பமாகிவிடும். இச்சிறு தடையை எளிய பல்மானி நம்பகமாகக் காட்டாது. சில நொடிகள் இயக்கியபின் மின்கலத்தை அகற்றிவிட்டு இணைப்பியைத் தொட்டுப் பார்த்தாலே போதும்.

தொடுமுனை கருகுதல்

விசையை விடும்போதெல்லாம் தொடுமுனைகளுக்கிடையே மின்பொறி எழுந்து செம்பைக் கருக்குகிறது. இலேசான கரியை நுண்ணிய உப்புத்தாளால் நீக்கலாம். குழி விழுந்தவற்றை மாற்றுவதே முறை. இதற்காகப் பெட்டியைத் திறக்குமுன் பின்சுழல் தடுப்பியை விடுவித்து வில்லைத் தளர்த்த வேண்டும். இறுகிய வில் வெளியே பாய்ந்து காயப்படுத்தும்.

மாஸ்ஃபெட் இருப்பின் தொடுமுனை வழியே சிறு மின்னோட்டமே செல்லும். ஆனால் மாஸ்ஃபெட் பழுதாகிக் குறுக்குச்சுற்றானால், விசையைத் தொடாமலேயே, மின்கலத்தை இணைத்தவுடன் துப்பாக்கி சுடத் தொடங்கும். குண்டுக்கூட்டைக் கழற்றாமல் மின்கலத்தை இணைக்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

உருகி எரிதல்

மின்கலத்தை இணைத்ததுமே உருகி எரிந்தால், பெட்டியின் இரு பாதிகளுக்கிடையே நசுங்கிக் காப்புறை கிழிந்த கம்பியைத் தேட வேண்டும். விசையை அழுத்தியபின் எரிந்தால் பற்சக்கரம் இறுகியிருக்கலாம், அல்லது பழுதுநீக்கியவர் மின்னோடிக் கம்பிகளை மாற்றி இணைத்திருக்கலாம். அப்போது மின்னோடி பின்னோக்கிச் சுழல முயன்று தடுப்பியில் மோதி நிற்கும். உருகிக்குப் பதிலாக அலுமினியத் தாளைச் சுற்றுவோர் உளர். அவ்வாறு செய்தால் அடுத்துச் சூடாவது கம்பியும் மின்கலமும்தான். லித்தியம் பாலிமர் மின்கலம் தீப்பற்றக்கூடியது.