சலப்பைக் காயமும் மருத்துவ வரலாறும்

பண்டைக்கால மருத்துவர் மனித உடலிற் சில உறுப்புக்களை உயிர்நிலைகளாகக் கொண்டனர். சிறுநீர் தங்கும் சலப்பை அவற்றுள் ஒன்று. அது புண்பட்டோர் பிழையார் என்பது, கிரேக்க மருத்துவர் இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியின் துணிபு. வடமொழிச் சுசுருத சங்கிதையும் அதனை உடனே உயிர்போக்கும் மருமங்களுள் வைத்தது. ஆயினும், கல்லெடுக்கும் பொருட்டு அறுத்த புண்ணுக்கு அந்நூல் விலக்களித்தது. அங்கும் இருபுறம் பிளந்தால் மரணம். ஒருபுறம் பிளந்தாற் சிறுநீர் ஒழுகும் புண் உண்டாகும், முயன்று பேணின் அது ஆறும் என வகுத்தது. எல்லாக் காயமும் ஒரு தன்மையின அல்ல என்னும் இவ்வுண்மையைப் பிற்கால மருத்துவம் வேறு வழியால் அடைந்தது.

வெறுமையான சலப்பை இடுப்பெலும்பின் காவலுள் அடங்கியிருக்கும். நிறைந்தபோது வயிற்றினுள் மேலெழும். அந்நிலையில் அடிவயிற்றில் அடி விழுந்தால் அதன் மேற்பாகம் வெடித்துச் சிறுநீர் வயிற்றறையுட் பாயும். இடுப்பெலும்பு முறிந்தாலோ பெரும்பாலும் கீழ்ப்பாகம் கிழிந்து, சிறுநீர் அயலிலுள்ள தசைகளிடையே பரவும். இரண்டிலும் புறத்தே தோன்றுவன நோவும் குருதி கலந்த சிறுநீருமே. ஆகவே காயத்தினும் கொடியதாய் நின்றது அதனைக் காணவியலாமையாகும்.

வெடித்த சலப்பைக்காக வயிற்றைத் திறந்து நோயாளியைப் பிழைப்பித்த செய்தியைப் பிட்சுபர்க்கு நகர வைத்தியர் வால்டர் 1862இல் வெளியிட்டார். இலித்தர் 1867இல் கிருமிநீக்கு முறையை வெளியிட்டபின் அத்தகைய சத்திரசிகிச்சையின் அபாயம் குறையலாயிற்று. எனினும், எவருடைய வயிற்றைத் திறப்பது என்ற வினாவுக்கு விடை ஊகமே.

1895இல் உறொன்றசன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டிற்றேயன்றிச் சலப்பையைக் காட்டவில்லை. கதிரை மறிக்கும் திரவத்தை உட்செலுத்தினால் அதன் வடிவம் புலனாகுமென உணர்ந்த வோல்க்கர், இலிச்சென்பேர்க்கு என்னும் மருத்துவர் 1905இல் வெள்ளி கலந்த திரவத்தாற் படமெடுத்தனர். 1910இல் அமெரிக்கரான கனிங்காம் சிறுநீர்வழியின் சுருக்கத்தை அவ்வாறே படம்பிடித்தார். பின்னர் அயடீன் சேர்ந்த திரவங்கள் வந்தன. திரவம் குடல்மடிப்புக்களைச் சூழ்ந்து தோன்றின் கிழிசல் வயிற்றறையுட் திறந்தது. தீச்சுடர்போற் சலப்பையின் அயலிற் சிதறித் தோன்றின் அறைக்குப் புறம்பானது. நிறைந்த சலப்பை பின்னுள்ள கசிவை மறைக்கக்கூடுமாதலின், அதனை வடித்தபின் மற்றுமொரு படம் எடுத்தல் மரபாயிற்று. 1971இல் அவுன்சுபீல்டின் கருவியால் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டதோடு தொடங்கிய சீற்றி முறையிலும் தத்துவம் அதுவே. குழாய்வழி ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் திரவம் செலுத்திச் சலப்பையை விரித்தாலன்றிச் சிறுகிழிசல் தப்பிவிடும்.

படம் கண்ட வேறுபாடு சிகிச்சையையும் வேறாக்கிற்று. வயிற்றறையுட் திறந்த கிழிசல் தைக்கப்படல் வேண்டும். புறம்பானவற்றுட் பல, குழாயிட்டுச் சிறுநீரை வடித்துவரத் தாமே ஆறும்.

சிறுநீர்வழிக் காயத்தில் எச்சரிக்கை பின்னும் வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தவனது சிறுநீர்த்துவாரத்திற் குருதி தோன்றின், குழாயைக் கண்மூடிச் செலுத்துதல் பாதி அறுந்த வழியை முற்றும் அறுக்கக்கூடும். ஆதலின் முதலிற் படமெடுப்பர். வழி அறுந்திருப்பின், பெரும்பாலும் அடிவயிற்றினூடாகச் சலப்பையிற் குழாயிட்டு, சில திங்கள் கழித்து வழியைச் செப்பனிடுவர்.

மரணமெனத் தீர்ப்பிடப்பட்ட காயம் ஆறத்தக்கதானமைக்குக் கத்தியின் திறம் மட்டும் காரணமன்று. எங்கே அறுப்பது, எங்கே பொறுப்பது என்று தெரிவித்த காட்சியறிவே அக்கத்திக்கு வழிகாட்டியாயிற்று.