'மேனேஜரை மாத்து': ஒரு கூச்சலின் வரலாறு

1951 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டம். பிரவுன்ஸ் என்கிற உள்ளூர் அணி அந்த வருஷம் 154 ஆட்டங்களில் 102ஐத் தோற்றுக் கடைசி இடத்தில் கிடந்த அணி. மைதானத்துக்கு ஆள் வருவதில்லை. முதலாளி பில் வீக் ஆள் சேர்க்க எதையும் செய்யக்கூடியவர். ஐந்து நாள் முன்னால்தான் 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கெய்டல் என்பவரை மட்டையோடு களத்தில் இறக்கி ஊரைச் சிரிக்க வைத்திருந்தார். (ஒரு மனுஷனின் உயரத்தைக் காட்டிச் சிரிக்க வைத்த கதையைத் தனியாகத்தான் பேச வேண்டும்.) இந்தத் தடவை வேறு யோசனை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்களை ஒரு பக்கமாக உட்கார வைத்து, 'சரி', 'வேண்டாம்' என்று எழுதிய அட்டைகளைக் கொடுத்தார். 'பிட்சரை மாத்தலாமா?' 'ரன்னர் ஓடலாமா?' என்று பலகையில் கேள்வி வரும். ரசிகர்கள் அட்டையைத் தூக்குவார்கள். பெரும்பான்மை என்ன சொல்கிறதோ அதுதான் களத்தில் நடக்கும். மேனேஜர் ஸாக் டெய்லர் சீருடை இல்லாமல், சாய்ந்தாடும் நாற்காலியில் பைப் புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணியை பிரவுன்ஸ் 5-3 என்று ஜெயித்தது.

இதை அமெரிக்கர்கள் ஒரு தமாஷாகவே சொல்லி வருகிறார்கள். எனக்கு அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அந்தப் பலகையில் எந்தக் கேள்வியெல்லாம் எழுதப்படலாம், எதெல்லாம் எழுதப்படவே முடியாது என்பதை யார் தீர்மானித்தது?

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை மாற்றுவது களத்தில் நிற்கிற கேப்டன். பேஸ்பாலில் அந்த வேலை மேனேஜருக்கு. அவர் ஆடுவதில்லை, ஆனால் ஆட்டக்காரர்களின் அதே சீருடையைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்கிறார். கம்பெனி முதலாளியும் இல்லை, உடம்பைக் கொடுத்து உழைக்கிறவரும் இல்லை. நம்ம ஊர்ப் பாஷையில் மேஸ்திரி. மேலே இருப்பவனின் காசுக்கும் கீழே இருப்பவனின் தோள்வலிக்கும் நடுவில் நிற்கிற ஆள். கூட்டத்தின் வசவு முழுக்க இவர் தலையில் விழுகிறது. அணி தோற்றால் எல்லா ஆட்டக்காரர்களையும் நீக்க முடியாது, முதலாளியை யாரும் நீக்க முடியாது. மிச்சம் இருப்பது இவர்தான். நியூயார்க் யாங்கீஸ் முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் பில்லி மார்ட்டின் என்கிற ஒரே ஆளை ஐந்து தடவை மேனேஜராக்கி ஐந்து தடவையும் அனுப்பி வைத்தார். அமர்த்துவதும் நீக்குவதுமே ஒரு காட்சியாகிவிட்டது.

இதற்கு விதிவிலக்கு ஒருவர் உண்டு. கான்னி மேக். 1901 முதல் 1950 வரை ஐம்பது வருஷம் பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸின் மேனேஜர். 3,948 ஆட்டங்களில் தோற்றவர். வேறு எந்த மேனேஜரும் இவ்வளவு தோற்றதில்லை. (ஜெயித்ததிலும் இன்றுவரை அவரே முதல், அது வேற விஷயம்.) பதினேழு தடவை கடைசி இடம். 1916இல் 36 வெற்றி, 117 தோல்வி. யாரும் அவரை அசைக்கவில்லை. ஏன்னா அணி அவருடையது. முதலில் பங்குதாரர், பிறகு உடைமையாளர். அவர் சீருடை போடுவதில்லை, கோட்டும் டையும்தான். உடுப்பே வர்க்கத்தைச் சொல்லிவிடுகிறது பாருங்கள். 1951இல் செயின்ட் லூயிஸில் அட்டையைத் தூக்கியவர்களில் ஓய்வுபெற்றுவிட்ட இந்தக் கிழவரும் ஒருவர்.

ரசிகர்களின் வாக்குவாதம் வெறும் கூச்சல், அறியாமை என்று மேட்டிமைத்தனத்தோடு ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம்.

2003 அக்டோபர் 16. பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் யாங்கீஸுக்கும் ஏழாவது, கடைசி ஆட்டம். பாஸ்டன் பட்டம் வாங்கி 85 வருஷம் ஆகிவிட்டது. எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 முன்னணி. பிட்சர் பெட்ரோ மார்டினெஸ் நூறு பந்துக்கு மேல் போட்டுவிட்டார். ஜீட்டர் அடிக்கிறார், பெர்னி வில்லியம்ஸ் அடிக்கிறார், 5-3 ஆகிறது. மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்து வருகிறார். 'முடியுமா?' என்று கேட்கிறார். முடியும் என்கிறார் பெட்ரோ. லிட்டில் திரும்பிப் போகிறார். அடுத்து மட்சுயி, அதற்கடுத்து போசாடா. 5-5. பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னோடு எல்லாம் முடிந்தது. அந்த மாசம் முடியறதுக்குள் லிட்டிலுக்கு இனி ஒப்பந்தம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் 93, 95 என்று ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவர் அவர்.

2020 அக்டோபர் 27. டாம்பா பே ரேஸ் அணிக்கும் டாட்ஜர்ஸுக்கும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். ரேஸ் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் போட்டிருக்கிறார். 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிவிட்டார். எதிரணியின் முதல் மூன்று பேரை, ஆளுக்கு இரண்டு முறை. 1-0 முன்னணி. மேனேஜர் கெவின் கேஷ் வந்து அவரை எடுத்துவிடுகிறார். ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது மட்டைக்காரர்கள் நன்றாக அடிப்பார்கள் என்பது புள்ளிவிவரம். புதிய பிட்சர் வந்தார், முன்னணி போயிற்று, 3-1 என்று தொடரே போயிற்று. கேஷின் வேலை போகவில்லை. அந்த வருஷத்தின் சிறந்த மேனேஜர் விருதும் அவருக்கே.

'எடுக்கலைன்னா ஒருத்தனைத் திட்டினீங்க, எடுத்தா இன்னொருத்தனைத் திட்டறீங்க, உங்களுக்கு என்னதான் வேணும்?' என்று ரசிகர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இரண்டு இடத்திலும் கூட்டம் சொன்னது ஒன்றுதான்: கண் முன்னால் இருக்கிற உடம்பைப் பார். பெட்ரோவின் கை ஓய்ந்துவிட்டது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்னெல்லின் கை ஓயவில்லை, காகிதம் ஒத்துக்கொள்ளவில்லை. என் கணிப்பில் இரண்டிலும் ரசிகர்கள் பக்கம்தான் சரி. லிட்டில் தவறு செய்தார். தொழிலாளியைக் கேட்டு முடிவெடுத்தார் என்பதற்காக அதைப் புனிதப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் சொந்த நம்பிக்கையால் தவறிய மேஸ்திரி வெளியே, அலுவலகத்தின் கணக்கோடு நின்று தவறிய மேஸ்திரி உள்ளே என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் களத்தின் ஓரத்திலிருந்து மாடி அறைக்குப் போய்விட்டது. ரசிகர்கள் இன்னும் களத்தின் ஓரத்தைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள்.

அந்த மாடி அறைக் கணக்கும் எங்கிருந்து போனது? ஒரு ரசிகரிடமிருந்துதான். கான்சாஸில் பீன்ஸ் டப்பா அடைக்கும் தொழிற்சாலையில் ராத்திரிக் காவல் வேலை பார்த்த பில் ஜேம்ஸ், 1977இல் சொந்தக் காசில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். மேனேஜர்கள் பரம்பரையாக நம்பி வந்ததையெல்லாம் எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்ட எழுத்து. நூறு பிரதிகூட விற்கவில்லை. நம்ம சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். 2002இல் பாஸ்டன் நிர்வாகம் அவரை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது. விளிம்பில் நின்று எழுப்பிய கேள்வி மையத்தின் சொத்தாக மாறிவிட்டது. பழைய மேஸ்திரியைக் கேள்வி கேட்கப் பிறந்த அறிவு இப்போது புதிய மேஸ்திரிக்குப் போடுகிற உத்தரவு.

அட்டையில் வராத இன்னொரு கேள்வி: மேனேஜர் நாற்காலியில் யார் உட்காரலாம்? ஜாக்கி ராபின்சன் 1947இல் நிறத்தடையை உடைத்தார். அதற்கப்புறம் 28 வருஷம் ஒரு கறுப்பரும் பெரிய லீக்கில் மேனேஜராக இருந்ததில்லை. 1972 உலகத் தொடரில் தன்னைக் கௌரவித்த மேடையிலேயே ராபின்சன் இதைச் சொல்லிக்காட்டினார். ஒன்பது நாளில் இறந்தும் போனார். 1975 சீசனில் ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லேண்ட் அணியின் மேனேஜரானார், 1977இல் அணி அவரை நீக்கியது. 1987இல்கூட டாட்ஜர்ஸின் நிர்வாகி அல் கம்பானிஸ், கறுப்பர்களுக்கு அந்தத் தகுதி போதாது என்கிற மாதிரி டிவியில் உட்கார்ந்து பேசி வேலையை இழந்தார். மேனேஜரை மாத்து என்று கத்துவதற்கே முதலில் அவர் மேனேஜராக இருக்க வேண்டும். தப்பு செய்வதற்கான உரிமையும் பங்கு போட்டுத்தான் கொடுக்கப்பட்டது.

செயின்ட் லூயிஸுக்கு வருவோம். அன்று அட்டை தூக்கியவர்களிடம் பிட்சரை மாத்தலாமா என்று கேட்டார்கள். ஊரை மாத்தலாமா என்று பிறகு யாரும் கேட்கவில்லை. 1953 சீசன் முடிந்ததும் வீக் அணியை விற்றார், பிரவுன்ஸ் பால்டிமோருக்குப் போய்விட்டது. எதிரில் ஆடிய அத்லெடிக்ஸ் 1955இல் கான்சாஸ் சிட்டிக்கும், 1968இல் ஓக்லண்டுக்கும் போயிற்று. அந்த ஓக்லண்டிலும் அது நிலைக்கவில்லை.

2023 ஜூன் 13 அன்று, காலியாகவே கிடந்த ஓக்லண்ட் மைதானத்துக்கு 27,759 பேர் வந்தார்கள். லீக்கிலேயே மோசமான அணிகளில் ஒன்று அது. மேனேஜரைப் பேச அவர்கள் வரவில்லை. 'விற்று விடு' என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு முதலாளி ஜான் ஃபிஷரை நோக்கிக் கத்தினார்கள். கூச்சல் முதல் தடவையாகச் சரியான மாடிக்குப் போனது என்பேன். அதே வாரம் நெவாடா மாநிலம், லாஸ் வேகஸில் இந்த அணிக்கு மைதானம் கட்ட 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது.

2024 செப்டம்பர் 26, ஓக்லண்டில் கடைசி ஆட்டம். 46,889 பேர். சிலர் மைதானத்து மண்ணைக் கேட்டு வாங்கிப் போனார்கள். முதலாளி சில நாள் முன்பே ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஆட்டம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து, கூட்டத்தைப் பார்த்து நன்றி சொல்லி, அணிக்கான கோஷத்தைக் கடைசியாக ஒருமுறை எடுத்துக் கொடுத்தவர் மேனேஜர் மார்க் காட்சே. சீருடையில்தான் இருந்தார்.