நைதரசு ஒட்சைட்டு ஊட்டல்

பெற்றோல் என்ஜினின் வலுவைச் சில விநாடிகளுக்கு உயர்த்தும் முறை, பேச்சுவழக்கில் ‘நொஸ்’. என்ஜின் சிலிண்டரின் வெப்பத்தில், ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல், நைதரசு ஒட்சைட்டு வாயு சிதைந்து ஒட்சிசனை விடுவிக்கும். நிறைப்படி காற்றில் ஒட்சிசன் 23 வீதம், இதில் 36 வீதம். ஆகவே கூடுதல் பெற்றோலை எரிக்கலாம். கலனில் திரவமாக இருக்கும் இவ்வாயு ஆவியாகையில் உள்ளெடுக்கும் காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகும். ‘ஈர’ முறையில் வாயுவும் பெற்றோலும் சேர்ந்து பீச்சப்படும். ‘உலர்’ முறையில் வாயு மட்டுமே. பெற்றோல் போதாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர்விமானங்கள் ‘ஜிஎம்-1’ என்ற பெயரில் இதைப் பயன்படுத்தின.

வாயுக் கலனுள் அழுத்தம் 20 பாகையில் சுமார் 50 பார், 36.4 பாகைக்கு மேல் வாயு திரவமாக இராது. கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வெயிலில் நிறுத்திய கார் இவ்வெப்பத்தை எளிதில் தாண்டும். எனவே கொழும்பில் அழுத்தம் விடுவிக்கும் வால்வும் வெளிச்செல்லும் குழாயும் இன்றிக் கலனைப் பொருத்துவது ஆபத்தானது.