கோலார் தங்கவயல் ஊர்ப்பெயர்கள்: இலக்கணமும் ஒலிப்பும்

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கம் நடத்தியபோது ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதிவாயின. எனினும் அவற்றைத் தமிழ் இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் பேச்சே. சான்று வேற்றுமை உருபில் இருக்கிறது. மாரிகுப்பம் அத்துச் சாரியை பெற்று 'மாரிகுப்பத்தில்' ஆகிறது. உரிகம் 'உரிகத்தில்' ஆகிறது. ராபர்ட்சன், ஆண்டர்சன் என்ற வெள்ளையர் பெயர்களும் பேட்டை சேர்ந்ததும் 'ராபர்ட்சன்பேட்டையில்' என யகர உடம்படுமெய் ஏற்கின்றன. கன்னடத்திலும் 'பேட்டை' என்ற சொல் எகர ஈற்றோடு உண்டே எனலாம். நியாயமான மறுப்பு; சொல் பொதுவானதுதான், ஆனால் ஐகார ஈறு தமிழுக்குரியது. ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பி உரிகத்தை 'ஊர்காம்' என்று ஒலிப்பதை மட்டும் ஏற்க இயலாது: அந்த எழுத்து, உள்ளூர் ஒலியைப் பிடிக்க முயன்ற அயலாரின் பதிவு. அதுபோலவே, இங்குள்ள 'கோரமண்டல்' ரயில் நிலையப் பெயரும் சோழமண்டலத்தின் திரிபென்றே பெரும்பாலோர் கொள்கின்றனர்.